பியூலா அடிக்கவில்லை

எய்யா,

நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. அப்படித் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். தாளை அழுத்திப் பிடித்திருந்த இடது கையில் முழங்கைக்குக் கீழே மூன்று இடம் கன்றிப்போய்க் கருநீலமாகக் கிடப்பது கண்ணில் பட்டது. ஒன்று வாளிப் பிடி பட்டு வந்தது. இன்னொன்று பஸ்ஸில் கம்பியைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு நின்றதால். மூன்றாவது எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. போன வாரம் பக்கத்து வீட்டு ரோஸ் அதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், யாரு இப்படிப் புடிச்சு இழுத்தா? விரல் தடம் மாதிரில்லா இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். இந்த வீட்டில் என்னைப் பிடித்து இழுக்க யார் இருக்கிறார்கள்? நானும் உன் அப்பாவின் படமும்தான். ரோஸ் போன பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

நீ எழுதி ஒரு மாதம் ஆகிறது. "தனியா அங்க இருந்தது போதும்மா, மெட்ராஸுக்கு வந்து எங்களோட இரு" என்று எழுதியிருந்தாய். அறுபத்திரண்டு வயதுக் கிழவிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வந்தால் இந்தக் கையோடுதான் வருவேன். உன் வீட்டுக்கு நாசரேத்திலிருந்து உன் அத்தை வருவாள். என் கையைப் பார்ப்பாள். அடுத்து உன் மனைவி பியூலாவைப் பார்ப்பாள். வாயைத் திறந்து எதுவும் கேட்கமாட்டாள், ஊருக்குத் திரும்பியதும் "முதல்ல மாமனாரு, இப்ப மாமியாரு" என்பாள். அந்தப் பேச்சை இந்தக் குடும்பத்தில் தொடங்கி வைத்தவள் நான். அதை என் வாயாலேயே முடித்து வைக்காமல் உன் வாசல்படி ஏற எனக்கு யோக்கியதை கிடையாது.

அன்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அதனால் இதுவும் நாலு பேர் படிக்க எழுதுவதுதான். உன் அத்தைக்கும், சாத்தான்குளத்தில் பியூலாவின் அப்பாவுக்கும் நடந்ததையெல்லாம் எழுதி ஏற்கெனவே தபாலில் போட்டுவிட்டேன். உனக்கு எழுதத்தான் கை வரவில்லை. அவர்களுக்கு முதலில் போட்டதை என் தைரியம் என்று நினைத்துவிடாதே. பின்வாங்க வழியில்லாமல் என்னை நானே அடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. உன் அம்மாவை உனக்குத் தெரியும், கதவு திறந்திருந்தால் நழுவிவிடுவாள்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கிய வருஷம் அது. நீ கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். உன் அப்பா மீன்துறை ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஒரு காலையில் காப்பிப்பொடி நிறத்தில் வாந்தி எடுத்தார். வயிற்றில் புண் என்றார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பும்போது பெரிய டாக்டர் என்னிடம் சொன்னார்: "காரம், புளிப்பு கூடாது. பால், ரொட்டி, குழைந்த சோறு. ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பாத்து மாத்திக்கலாம்." ஒரு மாதம் என்றுதான் அவர் சொன்னார். நான்தான் அந்த ஒரு மாதத்தை ஒன்பது மாதமாக்கினேன். வலி நின்றுவிட்டது, அப்புறம் எதற்கு டாக்டர்? வலியை நிறுத்தியது என் பத்தியம் என்று எனக்கு ஒரு கர்வம். சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில், "டீச்சர் மாதிரி யாரு பாப்பா? புருஷனைக் கைக்குழந்தை மாதிரில்லா வச்சிருக்கா" என்று பேசினார்கள். அந்தப் புகழ்ச்சி என் தலைக்கு ஏறியது. ஏறியது இறங்கவே இல்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு நேர அட்டவணை போடுகிறவள் அல்லவா, வீட்டுக்கும் போட்டேன். ஒரு நோட்டில் கோடு கிழித்து எழுதினேன். ஆறு மணிக்குப் பால். எட்டு மணிக்குப் பாலில் நனைத்த ரொட்டி. பத்துக்கு மறுபடி பால். மதியம் குழைந்த சோறும் வேகவைத்து வடித்த சுரைக்காயும். அந்தச் சுரைக்காயைக்கூட மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்து, கூழாகப் பிசைந்து, அதில் காய் என்று சொல்ல எதுவும் மிஞ்சாதபடி கொடுத்தேன். எலுமிச்சை இல்லை, தக்காளி இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை. வாழைப்பழம்கூடச் சளி பிடிக்கும் என்று நிறுத்தினேன். உன் அப்பா சாதுவான மனிதர். "டீச்சர், ஒரு துண்டு மாங்காய் ஊறுகாயை நாக்குல தொட்டுக்கிடட்டுமா?" என்று கேட்பார். நான் முறைப்பேன். அவர் பாலைக் குடிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் உன் கல்யாணம் நடந்து பியூலா வந்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பகல் முழுவதும் உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டது அவள். நோட்டில் எழுதியிருந்தபடி அவள் செய்தாள், நான் சாயங்காலம் வந்து பேனாவால் சரி போட்டேன். மருமகளா, மாணவியா என்று எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் தலைவலி என்று மத்தியானமே வந்துவிட்டேன். அவள் ஒரு கொய்யாப்பழத்தைப் பிளந்து, கொட்டையெல்லாம் கரண்டியால் எடுத்துப்போட்டு, சதையை மட்டும் பிசைந்து உன் அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார். அவள் அப்பா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கொய்யா. பத்து நாளாகக் கொடுத்து வருவதாகப் பயந்துகொண்டே சொன்னாள். "மாமா ரொம்பக் கேட்டாங்க அத்தை. கொட்டை இல்லாமத்தான் கொடுத்தேன்." நான் கிண்ணத்தைப் பிடுங்கி ரோஸ் வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். "வயித்துப்புண்ணுக்காரருக்குக் கொய்யாவா? ஏளா, நீ அவரக் கொல்லவா வந்திருக்கே?" என்று கேட்டேன். புதிதாக வந்த பெண்ணைப் பார்த்துக் கேட்டேன். உன் அப்பா, "இனிச்சுது டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பத்து நாளில் அவர் வாசல் கேட் வரை நடந்து போய்த் திரும்பினார் என்பதும், அதற்கப்புறம் நடக்கவில்லை என்பதும் இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அந்த நடையையும் என் பால் கணக்கில்தான் சேர்த்தேன்.

ஆகஸ்டு கடைசியில் அவர் தொடையில் முதல் கன்றலைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம். அப்புறம் மேல்கையில் இரண்டு. எப்படி வந்தது என்று கேட்டால், "தெரியல" என்பார். பியூலாவைக் கேட்டால், "தெரியலத்தை, தூக்கி உக்கார வைக்கும்போதுகூட மெதுவாத்தான் புடிக்கேன்" என்பாள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னதால் எனக்குச் சந்தேகம் வலுத்தது. கொய்யா விஷயத்தில் ஒருமுறை மறைத்தவள்தானே. கிழவருக்கு மலஜலம் எடுத்து அலுத்துப்போய்க் கையை வைத்திருக்கிறாள், அவர் பயந்துபோய்ச் சொல்லாமல் இருக்கிறார் என்று நானே ஒரு கதை கட்டினேன். கட்டிய கதைக்குச் சாட்சியாக அவர் உடம்பில் தினமும் புதிதாக ஒன்று முளைத்தது. வகுப்பில் பென்சில் காணாமல் போனால், யார் முகம் சரியில்லையோ அவள்தான் எடுத்தாள் என்று முடிவு செய்கிற டீச்சர் நான். பல தடவை என் முடிவு சரியாக இருந்திருக்கிறது. அதுதான் கெடுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மறந்திருக்காது. ஆராதனை முடிந்து உன் அத்தை வந்திருந்தாள். சம்பந்தி மகளைப் பார்க்கச் சாத்தான்குளத்திலிருந்து வந்து நடுவீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீ அவருக்குப் பக்கத்தில். நான் போய் உன் அப்பா வேட்டியைத் தொடை வரை விலக்கினேன். தன் உடம்பை எனக்குக்கூடக் கூசிக் காட்டுகிற மனிதர் அவர். "பாருங்க, நல்லாப் பாருங்க. வாய் இல்லாதவரு மேல உங்க பிள்ள கை வச்ச லெச்சணத்தப் பாருங்க" என்றேன். உன் அப்பா வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு, "டீச்சர், வேண்டாம். அவ அடிக்கல. அவ தொட்டு எனக்கு ஒரு நாளும் நோகல" என்றார். அதையும் நான் விடவில்லை. "பாத்தீங்களா, எவ்வளவு பயந்து போயிருக்காரு" என்றேன்.

பியூலா அழவில்லை. உன்னைத்தான் பார்த்தாள். நீ, "உள்ளதச் சொல்லிரு பியூலா" என்றாய். எய்யா, உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீ வேறு எப்படிக் கேட்டிருக்க முடியும்? உன் அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று வளர்ந்தவன் நீ. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் உள்ளுக்குள் ஒரு வெற்றி வந்தது, அதைச் சொல்லத்தான் இன்று நாக்கூசுகிறது. சம்பந்தி எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுக்கிக்கொண்டு, என் முன்னால் கையைக் கூப்பினார். "மன்னிச்சிருங்க டீச்சர். தாயில்லாப் பிள்ள, என் வளப்பு சரியில்ல" என்றார். மகளைக் கூட்டிக்கொண்டு அப்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நீ ஒரு வாரம் கழித்துச் சாத்தான்குளம் போய் அவளை அழைத்துக்கொண்டு, கேட்டு வாங்கிய மாற்றலில் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தாய்.

அவள் போன பிறகு நான் நீண்ட லீவு போட்டு உன் அப்பாவை நானே பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் விலாவில் ஒரு புதுக் கன்றல். அந்த இடத்தைத் தொட்டவள் நான் ஒருத்திதான், முந்தின நாள் ஈரத்துணியால் துடைத்தபோது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது போல் இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தேன். பல்லீறு வீங்கி ரத்தம் கசிந்தது, பாலில் நனைத்த ரொட்டியில் சிவப்பு ஒட்டியது. அப்புறம் அந்தத் தழும்பு.

உன் அப்பாவின் கெண்டைக்காலில் இருந்த நீளத் தழும்பு உனக்குத் தெரியும். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில், கரையில் குவித்த சிப்பியை எண்ணுகிற வேலைக்கு அவரை அனுப்பியிருந்தார்கள். அழுகின சிப்பிக் குவியலில் வழுக்கி விழுந்து, ஓடு கிழித்துப் பதினோரு தையல் போட்டார்கள். பதின்மூன்று வயதில் நீ அதை எண்ணிப் பார்த்து, பூரான் மாதிரி இருக்கிறது என்பாய். பன்னிரண்டு பதின்மூன்று வருஷமாக வெள்ளைக் கோடாக இருந்த அந்தத் தழும்பு, ஒரு காலையில் சிவந்து, மறுநாள் நுனியில் வாய் திறந்தது. யாரும் இடிக்கவில்லை, எதுவும் படவில்லை. ஆறிப்போன புண் தானாகப் பிரிந்து ரத்தம் வடிந்தது. பாளையங்கோட்டையில் படித்துவிட்டு அப்போதுதான் நம் தெருவில் வந்து உட்கார்ந்திருந்த இளம் டாக்டரைக் கூட்டிவந்தேன்.

அவர் புண்ணைப் பார்த்தார், பல்லீறைப் பார்த்தார், முழங்காலுக்குக் கீழே உள்ள முடியைப் பார்த்தார். ஒவ்வொரு முடியும் சுருண்டிருந்தது, ஒவ்வொரு வேர்க்காலிலும் ஒரு சிவப்புப் புள்ளி. "என்ன சாப்பிடுதாரு?" என்று கேட்டார். நான் பெருமையாக நோட்டை எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தப் பெருமையை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதுல பழம் எங்க?"

"கொடுக்கிறதில்ல டாக்டர். பத்தியம்."

"எத்தனை மாசமா?"

"ஒம்பது."

அவர் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுக்கீங்க டீச்சர்?" என்று கேட்டார். சயின்ஸ் என்றேன். எட்டாம் வகுப்பில் வருஷா வருஷம் கரும்பலகையில் நான் எழுதிப்போடும் கட்டம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. வைட்டமின் சி, குறைந்தால் ஸ்கர்வி. அறிகுறி: பல்லீறில் ரத்தம், தோலில் ரத்தக்கட்டு, புண் ஆறாமை. உள்ள பொருள்கள்: நெல்லி, எலுமிச்சை, கொய்யா. மாதக்கணக்கில் கடலில் கிடந்த பாய்மரக் கப்பல் மாலுமிகளுக்கு வந்த நோய் என்று கதை சேர்த்துச் சொல்வேன், பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். வேகவைத்தால் அழிந்துபோகும், வடித்தால் தண்ணீரோடு போய்விடும் என்று அடிக்கோடு போட்டுக் கொடுப்பேன். எழுதாதவளுக்கு மதிப்பெண் குறைப்பேன். ஊருக்குத்தான் உபதேசம் உனக்கில்லையடி என்பார்களே, அதற்கு உதாரணம் வேண்டுமென்றால் உன் அம்மாவின் படத்தைப் போட்டுக்கொள்ளலாம். துறைமுகத்து ஊரில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கட்டிலில் படுத்திருந்த மனிதருக்கு நான் கப்பல்காரன் நோயை வரவழைத்திருந்தேன்.

அந்த டாக்டர் என்னைத் திட்டியிருக்கலாம். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "கொலாஜன்னு ஒரு புரதம் இருக்கு டீச்சர். தோலு, எலும்பு, பல்லீறு, ரத்தக்குழாய்ச் சுவரு எல்லாத்தையும் கட்டி வச்சிருக்க நாரு அதுதான். மூணு இழையைச் சேத்து முறுக்கின கயிறு மாதிரி. அந்த முறுக்கு நிக்கணும்னா வைட்டமின் சி வேணும். அது இல்லன்னா நாரு இளகிரும், குழாய் ஒடஞ்சு தோலுக்கு அடியில ரத்தம் கசியும். யாரும் அடிக்க வேண்டாம், சும்மா திரும்பிப் படுத்தாலே போதும்." தழும்பு எப்படிப் பிரிந்தது என்று கேட்டேன். "ஆறின புண்ணு முடிஞ்சுபோன வேலைன்னு நெனைக்கோம். இல்ல. உடம்பு அதை தெனமும் கொஞ்சம் பிரிச்சு, கொஞ்சம் புதுசா முறுக்கிக்கிட்டே இருக்கு. முறுக்கச் சாமான் இல்லன்னா பிரிஞ்சது பிரிஞ்சதுதான்."

மாத்திரையும் நெல்லிக்காய்ச் சாறும் ஆரஞ்சும் கொடுத்தோம். ஒரு வாரத்தில் பல்லீறு ரத்தம் நின்றது. இரண்டு வாரத்தில் கன்றல்கள் மஞ்சளாகி மறைந்தன. மாதம் முடிவதற்குள் தழும்பு வாய் மூடியது. வயிற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பா எழுந்து உட்கார்ந்து முதலில் சொன்னது, "டீச்சர், பியூலாவுக்கு எழுது" என்பதுதான். "எழுதுதேன்" என்றேன். எழுதினேன். அந்த இன்லண்ட் லெட்டர் உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். "அப்பாவுக்கு உடம்பு தேவலை. ரத்தக்குறைவாம், டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்." அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சயின்ஸ் டீச்சர் பத்தியம் வைத்துப் புருஷனுக்கு ஸ்கர்வி வரவைத்தாள் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். ஒரு பெண்ணின் பெயர் போனதைவிட என் பெயர் போவது எனக்குப் பெரிதாகப் பட்டது. வேறு காரணம் எதுவும் இல்லை, இருந்தால் எழுதியிருப்பேன்.

உன் அப்பா, "எழுதிட்டியா? என் சீக்கால வந்தது, பிள்ளை அடிக்கலன்னு தெளிவா எழுதினியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அவர் நம்பினார். தபால்காரர் வருகிற நேரம் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். "பிள்ளகிட்டயிருந்து ஒரு வரி இல்லியே. கோவம் ஆறல போல. கோவம் இருக்கும்லா" என்பார். அடுத்த வருஷம் இருதயம் நின்று அவர் போகும் வரைக்கும், பியூலா தன்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனார். அவளுக்கு அப்படி ஒரு கடிதம் போகவே இல்லை.

அடக்கத்துக்கு நீங்கள் வந்தீர்கள். பியூலா கையில் மாலையோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். உன் அத்தை அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "உன் கை படவேண்டாம். அண்ணன் நிம்மதியாப் போகட்டும்" என்றாள். பியூலா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலைமாட்டில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அந்த மாலையைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். நான் செய்தவற்றில் எது பெரிய பாவம் என்று யாராவது கேட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லமாட்டேன். அன்று எனக்குத் தெரியாது. இது தெரிந்து செய்தது.

புத்தி சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்காது, கேட்டுக்கொள். நோயாளிக்கு நாக்கு எதைத் தேடுகிறது என்று கேள், நோட்டைப் பார்க்காதே. கீரையை அவித்துக் கொல்லாதே. தினம் ஒரு பழம் சாப்பிடு, கொய்யா போதும். அந்தச் சிகரெட்டை விட்டுத் தொலை, அதுவும் அந்த நாரைத்தான் தின்னுமாம். டாக்டர் ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான். உன்னைப் புகழ்கிறவர்கள் எதற்குப் புகழ்கிறார்களோ, அந்த இடத்தில்தான் நீ கண்ணை மூடிக்கொண்டு நடப்பாய். எனக்கு அப்படித்தான் ஆனது.

என் கையைப் பற்றிக் கவலைப்படாதே. ரோஸ் கேட்ட மறுநாள் அதே டாக்டரிடம் காட்டினேன். பயந்துபோய், தினமும் நெல்லிக்காய் சாப்பிடுகிறேனே டாக்டர் என்றேன். "இது அது இல்ல டீச்சர், வயசு. வயசானா அந்த நாரு ஒடம்பு பூராவும் கொறஞ்சுக்கிட்டே வரும். அதான் தோலு சுருங்குது, மூட்டு புடிக்குது, எலும்பு இளைக்குது. ஒங்க தோலுக்கு அடியில இருந்த மெத்தை போயிட்டு. கதவுல லேசா ஒரசினாலும் கன்னிரும்" என்றார். மருந்து கேட்டேன். "டானிக் விக்கவன் சொல்லுவான், நான் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார். ஆகவே இந்தக் கன்றல்கள் இனி வந்துகொண்டேதான் இருக்கும். யார் வீட்டில் இருந்தாலும் வரும். அதை எழுத்தில் வைத்துவிட்டேன். உன் அத்தைக்கும் இதே வரியை எழுதியிருக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டு மூன்று நாள் அப்படியே வைத்திருந்தேன். இதற்குள் உன் அத்தையிடமிருந்து பதில் வந்தது. "மண்ணுக்குள்ள போனதைத் தோண்டி உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிடணுமா மதினி?" என்று கேட்டிருக்கிறாள். சம்பந்தி பதில் போடவில்லை. நேற்றுக் காலை அவரே வந்தார். பஸ்ஸில் வந்த தூசி வேட்டியில் இருந்தது. என் கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காப்பி போடட்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நடுவீட்டில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, "டீச்சர், அன்னைக்கு இங்க வச்சு ஒங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டேன். அத எனக்குத் திருப்பித் தந்திருங்க" என்றார்.

நான் கையைக் கூப்பினேன். குனிந்து அவர் காலைத் தொடப்போனேன், அவர் விலகிக்கொண்டார். "எனக்கு வேண்டாம். அத வாங்கிக்கிட எனக்கு அருகதை இல்ல" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல வச்சு எம் பிள்ளைய அடிச்சிட்டேன் டீச்சர். கன்னத்துல. சனம் பூராவும் பாத்துட்டு நின்னுச்சு. பொறந்ததுல இருந்து ஒரு அடி அடிச்சதில்ல. 'நான் தொடலப்பா, நான் தொடலப்பா'ன்னு ரெண்டு தரம் சொல்லிச்சு. அதுக்கும் சேத்து ஒண்ணு கொடுத்தேன்." சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் கேக்க வேண்டியத நான் போய்க் கேட்டுக்கிடுதேன். நீங்க கேக்க வேண்டியத நீங்க போய்க் கேளுங்க. நாலு பேரு இருக்கும்போது கேளுங்க. பேப்பர்ல வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எய்யா, இது உனக்குத் தெரிந்திருக்காது. அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். உன் அப்பாவை யாரும் அடிக்கவில்லை, என்னையும் யாரும் அடிக்கவில்லை. இந்த விஷயத்தில் விழுந்த அடி இரண்டே இரண்டுதான். இரண்டையும் வாங்கியவள் அவள். கை அவள் அப்பாவுடையது, அடித்தது நான்.

சம்பந்தி சொன்னது சரி. பேப்பரில் மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபம், எழுதிப் பழகிய கை. அதனால் வருகிற சனிக்கிழமை மெட்ராஸ் ரயிலில் ஏறுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து உங்கள் சபையார் வாசலில் நிற்கும்போது கேட்பேன். இந்தக் கடிதத்தை அதற்கு முன்பே பியூலா கையில் கொடுத்துவிடு. கொடுத்துவிட்டு எதிரில் நிற்காதே, அவள் முகத்தைப் பார்க்காதே, எதுவும் கேட்காதே. அவள் படித்துவிட்டு வராமல் இருந்தால் அதுவும் பதில்தான், நான் அன்றைக்கே ரயில் ஏறிவிடுவேன். கையில் ஒரு மாற்றுச் சேலை வைத்த சின்னப் பை மட்டும் கொண்டுவருகிறேன். என் பெட்டியை இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன். அது வரலாமா, வேண்டாமா என்று சொல்ல வேண்டியது நீ இல்லை.

அம்மா